மருமகள் லென்ஸ்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று லென்ஸ் கடைக்காரர் கெடு வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா தொடங்குகிறது. நான்கு நாள், நாளொன்றுக்கு ஆயிரம் பேர். மேடையேறி, கை குலுக்கி, பட்டத்தை வாங்கிக்கொண்டு இறங்குவதற்கு ஒருவருக்கு ஆறு நொடி. அந்த ஆறு நொடிக்குள் எடுக்கிற ஒரு படம்தான் பிறகு அவர்கள் வீட்டுச் சுவரில் ஆயுசுக்கும் தொங்கப்போவது.

பத்தொன்பது வருடமாக அந்தப் படத்தை எடுத்துவந்தவளுக்கு விழாக் கூடங்களில் படக்காரம்மா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவாள். பழைய கேமரா போன மாதம் மூச்சை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பதிலாக மிரர்லெஸ் என்கிற புதுவகைக் கேமரா ஒன்று வாங்கியாயிற்று. பழைய லென்ஸ் அதில் நேராகப் பொருந்தாது என்பதால் நடுவில் ஒரு ஒட்டுவளையம் போட்டு மாட்டிப் பார்த்தாள். கிழவருக்குப் புதுச் செருப்பு போட்ட கதைதான்: நடந்தது, ஆனால் நின்று நின்று நடந்தது. ஆறு நொடி வேலைக்கு அது ஆகாது. கூட்டமாக நிற்பவர்களையும் எடுக்க வேண்டும், ஒரு முகத்தைக் கிட்டே இழுக்கவும் வேண்டும், மங்கலான மேடை வெளிச்சத்திலும் ஈடுகொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்கிற நல்ல ஜூம் லென்ஸ் ஒன்று வேண்டியிருந்தது.

இதில் யாருக்கும் சொல்லாத நான்காவது காரணம் ஒன்று இருந்தது. ஒரு வருடமாக அவளுடைய வலது மணிக்கட்டு அவள் பேச்சைக் கேட்கவில்லை. விழா தொடங்கும்போது சும்மா இருக்கும். நேரம் ஆக ஆகக் கட்டைவிரலுக்கு அடியிலிருந்து ஒரு வலி புறப்பட்டு முழங்கை வரை வந்து உட்கார்ந்துகொள்ளும். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். படக்காரம்மாவுக்குக் கை போய்விட்டதாம் என்று ஒருவர் வாயில் விழுந்தால் போதும், அடுத்த விழாவில் அவள் நிற்கிற இடத்தில் வேறொருவர் நிற்பார். கேமராவைக் கீழே வைத்துவிட்டு என்ன செய்வது என்பதை அவள் யோசித்ததே இல்லை. யோசிக்கவும் பயமாக இருந்தது.

கடைக்காரருக்கு ஊரில் தராசு என்று பட்டப்பெயர். எந்த லென்ஸைக் கேட்டாலும் முதலில் அதை மேசைமேல் இருக்கும் சின்னத் தராசில் வைத்து எடை சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். அவர் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். கேமரா கம்பெனியே செய்தது ஒன்று: எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம். வேறு கம்பெனி செய்தது மற்றது: ஐந்நூற்று நாற்பது.

"இது மாமியார் மாதிரிம்மா. கனம். ஆனா ஒரு குறை சொல்ல முடியாது," என்றார். "இது மருமக. லேசு, சுறுசுறுப்பு, வெளிச்சமும் அதே அளவுக்கு வாங்கும். என்ன ஒண்ணு, நீங்க ஒரு பக்கம் திருப்புனா இது ஒரு பக்கம் போகும்."

அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை. லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் காட்சி கிட்டே வரும், எதிர்ப்பக்கம் திருப்பினால் விலகிப் போகும். எந்தப் பக்கம் திருப்பினால் கிட்டே வரும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. படக்காரம்மாவின் இடது கை பத்தொன்பது வருடமாக ஒரே பக்கம் திருப்பிப் பழகிய கை. மாமியாரும் அந்தப் பக்கமே திரும்பியது. மருமகள் நேர் எதிர். மாற்றி அமைக்க முடியுமா என்று கேட்டாள். மருமகளை மாற்றி அமைத்தவர்கள் யாராவது உண்டா என்று தராசு திருப்பிக் கேட்டார்.

இரண்டையும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று பழகிய தோஷத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

புதன்கிழமை மதியம் ஒரு தையல் பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் வழங்கும் கூட்டம். மொத்தம் அறுநூறு பேர். சோதனைக்கு அதுவே போதும் என்று முதல் பாதிக்கு மாமியாரை மாட்டினாள். படத்தில் குறையே இல்லை. ஆனால் புதுக் கேமராவுக்கு உடம்பு சிறியது. இந்த லென்ஸை மாட்டியதும் மூக்கு மட்டும் பெருத்துப்போய் முன்னால் கவிழ்ந்தது. அதை நிமிர்த்திப் பிடிப்பதே மணிக்கட்டுக்கு ஒரு தனி உத்தியோகமாகிவிட்டது. அரை மணி நேரத்துக்குள் வலி முழங்கைக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பாதிக்கூட்டத்தை முடித்தாள்.

இரண்டாம் பாதிக்கு மருமகளை மாட்டினாள். கை அப்பாடா என்றது. நாற்பது, ஐம்பது பேர் வரை யோசித்து யோசித்துத் திருப்பிச் சமாளித்தாள். பிறகு ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மாள் மேடையேறினாள். சான்றிதழை வாங்கியவள் எல்லோரையும்போல இறங்கவில்லை. மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று கைதட்டிய தன் மூன்று பிள்ளைகளைப் பார்த்து இரண்டு கையையும் உயரத் தூக்கிவிட்டாள். அந்தக் காகிதம், தூக்கிய கை, பிள்ளைகளின் தலை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டிய நேரம். படக்காரம்மா காட்சியை விலக்கத்தான் நினைத்தாள். கை தன் பழக்கத்தில் திருப்பியது. காட்சி விலகுவதற்குப் பதிலாக ஓடிவந்து முகத்தில் இடித்தது. படத்தில் ஒரு காதும் அரை மூக்குக்கண்ணாடியும் விழுந்தன. சரிசெய்து பார்ப்பதற்குள் அந்த அம்மாள் படி இறங்கிப் போயிருந்தாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா சொன்னதல்ல.

வீடு திரும்பும்போது முடிவு எடுத்துவிட்டாள். வலிக்கிற கையாவது தன்னோடு போகும். தப்பிய படம் இன்னொருவருடைய சுவருக்குப் போக வேண்டியது. மாமியாரே வரட்டும்.

வியாழக்கிழமை காலை ஸ்டுடியோவுக்குப் போனபோது நாத்தனார் முன்பே வந்து உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். கணவனின் தங்கை. வேலை பார்த்த தட்டச்சு அலுவலகத்தை மூடிவிட்டார்கள் என்று பத்து வருடத்துக்கு முன் இங்கே வந்தவள். படக்காரம்மாவைவிட நாலு வயது சின்னவள். அண்ணி எடுத்துவரும் படங்களைப் பொறுக்குவது, நிறம் திருத்துவது, ஆளுக்குரிய எண்ணைப் போட்டு அச்சுக்கு அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. விழாக் கூடத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை. கேமராவை எடுத்து அண்ணி கையில் கொடுத்திருக்கிறாளே தவிர, தன் கண்ணில் வைத்ததில்லை. படக்காரம்மா எடுப்பதோடு சரி. உள்ளறைத் திரையை எட்டிப்பார்க்கும் வழக்கமில்லை. அச்சாகி வருவதைத்தான் பார்ப்பாள். அவரவர் வேலையில் அடுத்தவர் மூக்கை நுழைப்பதில்லை என்பது இருவருக்கும் இருந்த எழுதாத ஒப்பந்தம். பத்து வருடம் சண்டையில்லாமல் ஓடியதற்கு அதுதான் காரணம் என்று படக்காரம்மா நம்பியிருந்தாள்.

மாமியாரையே வாங்கப்போவதாகச் சொன்னாள். நாத்தனார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மருமகளே இருக்கட்டும் என்றாள். ஏன் என்றதற்கு, படத்தின் மூலைகளெல்லாம் அதில்தான் துல்லியமாக இருக்கின்றன, தனக்கும் திருத்துகிற வேலை குறையும் என்று ஏதோ சொன்னாள். இரண்டு லென்ஸிலும் மூலைகள் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்பது கேமராவின் சின்னத் திரையிலேயே தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாள், ஆனால் எந்தப் பூசணிக்காய் என்றுதான் படக்காரம்மாவுக்குப் புரியவில்லை. வயதாகிவிட்டது, இனி லேசானதுதான் தாங்கும் என்று நினைக்கிறாளோ என்ற எண்ணம் வந்தது. வந்ததும் எரிச்சலும் கூடவே வந்தது.

"அந்த லென்ஸால நேத்து ஒரு அம்மாவோட காதை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கேன். பார்த்தியா?"

"பார்த்தேன் அண்ணி. காது நல்லாத்தான் வந்திருக்கு."

சிரிக்கிற நிலையில் படக்காரம்மா இல்லை. பேச்சை எங்கே திருப்புவது என்று தெரியாமல், டீ போடுகிற மூலையில் இருந்த சர்க்கரை பாட்டில்மேல் பாய்ந்தாள். அதில் மறுபடியும் எறும்பு. ஆறு மாதமாக இதே தொல்லை. பாட்டிலைத் தூக்கினால் மூடி அதோடு வராமல் தனியாகக் கழன்று விழும்.

"ஒரு மூடிய ஒழுங்கா மூடத் தெரியுதா உனக்கு? உங்க வீட்டுல கதவையாவது மூடுவீங்களா?"

அது தானும் வாழ்க்கைப்பட்ட வீடுதான் என்பதைச் சொன்ன பிறகுதான் நினைத்தாள்.  நாத்தனார், சட்டம் போடும் கடையிலிருந்து பிரேம்களை வாங்கிவர வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

படக்காரம்மா நாத்தனாரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூலைகள் எப்படி என்று தானே பெரிய திரையில் பார்த்துவிட்டு, வந்ததும் கேட்டுவிடுவது என்று முடிவு. புதன்கிழமைப் படங்களைத் தேடினாள். நாத்தனார் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தாள்: அச்சுக்குப் போனவை, கண் மூடியவை, இரண்டாம் முறை கேட்டவை. அவற்றுக்குக் கீழே ஒரே எழுத்தில் ஒரு ஃபோல்டர் இருந்தது. "கை".

கை குலுக்கும் படங்களாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தாள்.

உள்ளே விழா விழாவாகத் தேதி போட்டுப் பிரித்திருந்தது. முதலாவது போன வருடம் மார்ச். பதினொரு படங்கள். எல்லாவற்றிலும் முகங்கள் இரண்டிரண்டு விளிம்போடு அசங்கியிருந்தன. மேடைத் தூண்கள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. சிலவற்றில் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. படக்காரம்மாவுக்குத் தன் படம் என்று முதலில் தோன்றவே இல்லை. கத்துக்குட்டி யாரோ எடுத்தது என்று நினைத்தாள். பிறகு மேடையின் மஞ்சள் திரையைப் பார்த்தாள். அது அவள் நின்ற கூடம்தான்.

படம் எடுத்த நேரம் ஒவ்வொன்றிலும் பதிந்திருக்கும். அதைப் பார்க்க அவளுக்குத் தெரியும். மார்ச்சில் முதல் அசங்கல் எண்பத்தைந்தாவது நிமிடத்தில். ஜூனில் எழுபதாவது. அக்டோபரில் ஐம்பத்திரண்டு. போன மாதம் நாற்பது. நேற்றைய கூட்டம் தனியே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. மாமியாரில் இருபத்தெட்டாவது நிமிடத்திலேயே தூண் சாயத் தொடங்கிவிட்டது. மருமகளில் தூண் கடைசிவரை நேராக நின்றது.

அப்படியானால் அச்சாகிவந்த படங்கள்? பழைய விழா ஒன்றைத் திறந்து, திருத்துவதற்கு முன் இருந்ததைப் பார்த்தாள். அதிலும் தூண் சாய்வு. நாத்தனார் ஒவ்வொரு படத்தையும் ஒன்று, இரண்டு, நான்கு பாகை என்று திருப்பி நிமிர்த்தி அனுப்பியிருந்தாள். ஒரு வருடமாக ஆயிரக்கணக்கில். நிமிர்த்த முடியாதவை மட்டும் இந்த ஒற்றை எழுத்துக்குள் வந்து சேர்ந்திருந்தன. அவர்களை மறுபடி வரச்சொல்லி எடுத்தபோதெல்லாம் கண் மூடிவிட்டார்கள் என்றுதான் நாத்தனார் காரணம் சொல்லியிருந்தாள்.

முதலில் வந்தது கோபம்தான். மறைத்து வைத்திருக்கிறாள், வேவு பார்த்திருக்கிறாள், கணக்கெடுத்திருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்றும் தோன்றியது. பிடிபட்டது யார் என்றுதான் தெரியவில்லை. தலை கனத்தது. டீ போடலாம் என்று எழுந்தாள்.

சர்க்கரை பாட்டிலின் மூடி இரண்டு விரல் பட்டதுமே வந்துவிட்டது. வலிக்கவில்லை. அப்படியே நின்றாள். பக்கத்தில் டீத்தூள் டப்பா. அதன் மூடியும் மேலே சும்மா உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பாட்டில், பசை பாட்டில், லென்ஸ் துடைக்கும் திரவம், எல்லாம் அப்படியே. இதே நாத்தனார் வேலைக்கு வந்த புதிதில் குழாயை மூடினால் அடுத்தவர் குறடு கொண்டுவந்துதான் திறக்க வேண்டும். அப்படியொரு இரும்புப் பிடி. அந்தப் பிடிக்கு மூடத் தெரியாமல் போய்விட்டதா என்ன? ஆறு மாதமாக அவளை ஏசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. எறும்பு ஊறும் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே டீ போடாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

நாத்தனார் பிரேம்களோடு வந்தபோது திரையில் அந்த ஃபோல்டர் திறந்தே இருந்தது. பையைக் கீழே வைத்தாள். நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றாள்.

"எவ்வளவு நாளா தெரியும்?" என்றாள் படக்காரம்மா.

"போன மார்ச்சுல தூண் சாஞ்சுது. மொதல்ல அந்த ஹாலைக் கட்டுனவன்தான் கோணலாக் கட்டிட்டான்னு நெனச்சேன். அப்புறம் அடுத்த ஹால்லயும் சாஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

 படக்காரம்மா திரையில் சாய்ந்துநின்ற ஒரு தூணைச் சுட்டிக்காட்டினாள். 

"வச்சிருப்பானேன், அழிச்சிருக்கலாம்ல?"

"அழிக்கத்தான் போனேன் அண்ணி. கை வரல."

பிறகு நாத்தனார் மற்றொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மறைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லிவிட்டால் அண்ணி அன்றைக்கே கேமராவை வைத்துவிடுவாள் என்று பயந்தாளாம். வைத்துவிட்டால் இந்த உள்ளறைக்கும் வேலை இருக்காது, அதுவும் ஒரு பயம்தான் என்று ஒளிக்காமல் ஒத்துக்கொண்டாள். லேசான லென்ஸ் வந்தால் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று பார்த்தாளாம். படக்காரம்மா கேட்டுக்கொண்டே விரல்விட்டு எண்ணினாள். மாமியார் வந்தால் இருபத்தெட்டு நிமிடம். மருமகள் வந்தால் ஐம்பது, ரொம்பப் போனால் ஐம்பத்தைந்து. திங்கட்கிழமை வேண்டியது நூறு நிமிடம். கேமராவைத் தாங்க ஒரு கால்தாங்கி வைக்கலாமென்றால் நடைவழியில் எதையும் ஊன்றக் கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் சட்டம். எந்த லென்ஸ் வாங்கினாலும் பாதி விழா மிஞ்சியது.

"மிச்சத்துக்கு யாரு?" என்றாள். யாரைக் கேட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. 

வெள்ளிக்கிழமை கடைக்குப் போகும்போது நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனாள். தராசு வழக்கப்படி இரண்டு லென்ஸையும் மறுபடி எடைபோட்டார். போன இடத்தில் இளைத்திருக்குமோ என்று பார்த்தார்போல. படக்காரம்மா மருமகளைக் கேமராவில் மாட்டி நாத்தனார் கையில் கொடுத்தாள். இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்துத் தாங்கச் சொல்லிவிட்டு, கடையின் எதிர்மூலைக்குப் போய் நின்றாள்.

"என் முகம் கிட்ட வரட்டும். திருப்பு."

நாத்தனார் ஒரு பக்கம் திருப்பினாள். வரவில்லை. மறுபக்கம் திருப்பினாள். வந்தது. அவ்வளவுதான். விலக்கு, இழு, விலக்கு என்று அண்ணி சொல்லச் சொல்ல, நாலாவது தடவையிலிருந்து கை யோசிக்கவில்லை. பழகிய கைக்குத்தான் அது எதிர்ப்பக்கம். பழகாத கைக்குப் பக்கம் ஏது? படக்காரம்மா கேமராவை வாங்கித் தானும் தராசின் முகத்தை இழுத்துப் பார்த்தாள். அவர் கடையோடு சேர்ந்து தூரமாகப் போனார்.

ஒரு நிமிடம் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரை வாங்கினால் அவள் மட்டும் எடுக்கலாம், இருபத்தெட்டு நிமிடத்துக்கு. மருமகளை வாங்கினால் கேமரா கைமாறும். பத்தொன்பது வருடமாகத் தன் கண்ணைத் தவிர வேறு கண் பதியாத இடத்தில் இன்னொரு கண் பதியும். நடுவில் வேறு வழி இருக்கிறதா என்று மனம் கடைசியாக ஒருமுறை தேடிப் பார்த்தது. தேடவும் அலுப்பாக இருந்தது.

"மருமகளையே கட்டுங்க," என்றாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஸ்டுடியோவின் நடைவழியில் மாறி மாறி நடந்து, மேசைமேல் வைத்த பிரேம்களைப் பட்டதாரிகளாக நினைத்து எடுத்தார்கள். படக்காரம்மா தண்ணீர் பாட்டில் மூடியைக்கூட எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பழகினாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மூடி இறுகிப்போய் யாராலும் திறக்க முடியவில்லை.

திங்கட்கிழமை பல்கலைக்கழக அலுவலர் நாத்தனாரைப் பார்த்து, இவர் யார் என்று விசாரித்தார். என் நாத்தனார், இனி இரண்டு பேராகத்தான் வருவோம் என்றாள் படக்காரம்மா.  அவர் தலையாட்டிவிட்டு நாற்காலி எண்ணப் போய்விட்டார். ஒரு வருடமாகப் பயந்தது இவ்வளவுக்குத்தானா என்று அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதல் ஐம்பது நிமிடம் அவள் எடுத்தாள். நாலு இடத்தில் கை எதிர்ப்பக்கம் போனது, நாலையும் அடுத்த நொடியில் பிடித்துவிட்டாள். ஒரு துறை முடிந்து அடுத்த துறையின் பெயரை வாசிக்க இருபது நொடி ஆகும். அந்த இருபது நொடியில் நாத்தனார் தோளைத் தொட்டாள். இன்னும் ஒரு துறை எடுத்துவிடலாம் என்று ஆசை சொன்னது. முழங்கை வேண்டாம் என்றது. கேமரா வாரைக் கழுத்திலிருந்து கழற்றி அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கூடத்தின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி ரொம்பச் சுமாரான நாற்காலி.

மாலையில் இருவரும் உள்ளறையில் திரைக்கு முன் உட்கார்ந்தார்கள். அவளுடைய ஐநூறு படங்களில் நாற்பத்தாறாவது நிமிடத்திலிருந்து தூண் லேசாகச் சாய்ந்திருந்தது. நிமிர்த்தப் போன நாத்தனாரைத் தடுத்து, முதலில் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பார்த்தாள். பிறகு நிமிர்த்தச் சொன்னாள்.

அடுத்து நாத்தனாருடைய படங்கள் வந்தன. ஒரு தூணும் சாயவில்லை. ஆனால் மூன்று பேர் கை குலுக்கி முடித்துவிட்டு எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தும்மினார். இன்னொருவருக்குக் கையும் பட்டமும் மட்டும் வந்து ஆளைக் காணோம். நாத்தனார் நாற்காலியில் குறுகிப்போனாள். அந்த ஐந்து பேரையும் மறுபடி கூப்பிட்டு எடுத்துத் தர வேண்டியிருக்கும் என்று படக்காரம்மா குறித்துக்கொண்டாள். பிறகு சுட்டியைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாக நகர்த்தி "கை" என்ற ஃபோல்டருக்குள் போட்டாள்.

"அண்ணி, அது உங்க ஃபோல்டர்."

"கைன்னுதானே போட்டு வச்சிருக்கே," என்றாள் படக்காரம்மா, மணிக்கட்டை நீவிக்கொண்டே. "யார் கைன்னு போடலையே."